பாயாசத்தோடு ஓர் உண்ணாவிரதம்

மனித உரிமை வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வருடத்தில் ஒரு வியாதி பிடிக்கும். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் தலைக்குப் பின்னால் லேசாக ஒளிவட்டம் தெரியும். குரல் தானாகவே கனத்துப் போகும். கடையில் தே தாரிக் கேட்கும்போதுகூட, பக்கத்து மேசையில் யாரோ குறிப்பெடுக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே கேட்போம். எனக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்த காலத்தில் நடந்தது இது. ரகசியம் ஒன்றுமில்லை. அதன் வீடியோ ஈப்போவிலிருந்து பாரிட் புந்தார் வரை எல்லார் கைப்பேசியிலும் ஓடி முடிந்துவிட்டது. இந்தக் கதையை ஊரில் எல்லோரும் சொல்லியாகிவிட்டது, பாக்கி நான் மட்டும்தான்.

எங்கள் அமைப்பு ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அமைப்பு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வழக்கறிஞர் சேவியர் அண்ணே, நான், உதைத்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். மூவரில் அதிகம் உழைத்தது மெஷின்தான். தோட்டங்கள் கைமாறும்போது லயத்து வரிசை வீடுகளிலிருந்து துரத்தப்படுகிற பழைய தொழிலாளர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதுதான் எங்கள் பிழைப்பு.

அந்த வருடம் எங்களிடம் வந்தவர்கள் பீடோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்காரர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு, அதையும் வெட்டி, நிலத்தை முதலாளிகள் ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். தரை வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் லயத்தை உடைப்போம் என்று நிறுவனம் முதலில் வாய் நிறையச் சொன்னது. பிறகு ஒருநாள், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள், வீடெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று ஆள் அனுப்பியது. அதுவரைக்கும் வாடகை அடுக்குமாடியில் போய் இருந்துகொள்ள வேண்டுமாம்.

லயத்துக்காரர்களின் சார்பில் பேசியவர் சரோஜா அக்கா. சின்ன வயதில் அம்மாவோடு ரப்பர் பால் வெட்டியவர், இப்போது பீடோரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. குரல் ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். அவர் கணவருக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. அந்த வீட்டுக்குள் மட்டும்தான் அவர் யார் உதவியும் இல்லாமல் நடப்பார், எந்தச் சுவரை எங்கே பிடிக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். லிப்ட் அடிக்கடி படுத்துக்கொள்ளும் அடுக்குமாடியில் நாலாவது மாடிக்கு அவரைக் கொண்டுபோனால் அதோடு அவர் கீழே இறங்க மாட்டார். அக்கா இதை எங்களிடம் அழாமல்தான் சொன்னார். கேட்ட சேவியர் அண்ணேதான் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நிறுவனத்தைப் பேச்சுவார்த்தைக்கு இழுக்க மாவட்ட அலுவலகத்தால்தான் முடியும். பத்திரிகையில் ஏதாவது வந்தால் ஒழிய மாவட்ட அலுவலகம் அசையாது. அதனால் தோட்டத்து முகப்பில் ஒருநாள் அடையாள உண்ணாவிரதம் என்று முடிவானது. சேவியர் அண்ணேக்கு அன்று கோலாலம்பூரில் வழக்கு. "ஒரு நாள்தான் வாணி, சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

நான் அதற்கு முன்னால்தான் அறப்போராட்டம் பற்றி ஒரு பட்டறைக்குப் போய், சான்றிதழோடு திரும்பியிருந்தேன். மேசை நிறையக் காகிதம் பரப்பி ஒரு துண்டறிக்கை எழுதினேன். 'உரிமை மீட்பு உண்ணாவிரதப் பேரெழுச்சி' என்பது தலைப்பு. (பேரெழுச்சி என்ற சொல்லை எழுதிவிட்டு எழுந்து நின்று ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.) அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கோயில் முன்னால் கூட்டம் போட்டேன். எல்லோரும் மரியாதையாக வாங்கி, மரியாதையாக மடித்து வைத்துக்கொண்டார்கள்.

சரோஜா அக்காதான் கேட்டார். "உண்ணாவிரதம்னா நாங்க என்னா செய்யணும் தங்கச்சி? வெளங்குற மாதிரி சொல்லு."

மக்கள் மொழியில் பேச வேண்டும் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு படி கீழே இறங்கி வருவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன், "ரொம்ப ஈஸி அக்கா. அன்னிக்கு யாரும் பசியாறக் கூடாது. நம்ம விரதம் மாதிரிதான்."

கூட்டத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. விரதம்னா தெரியும் லா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். யாரை எங்கே உட்கார வைப்பது, கெமா என்கிற கூடாரத்தை யாரிடம் வாங்குவது என்று அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் மொழித் திறமையை நானே மெச்சிக்கொண்டு ஈப்போவுக்கு வண்டி ஓட்டினேன்.

போராட்டத்தன்று விடிவதற்கு முன்பே அம்மா எழுந்து நாசி லெமாக் கட்டி வைத்திருந்தார். நான் அதைக் கையால் தள்ளினேன். தள்ளியதோடு விட்டிருக்கலாம். "எனக்கு ஏதாவது ஆனா அழாதம்மா" என்றும் சொன்னேன். சாயந்திரம் ஆறு மணிக்கு முடிகிற உண்ணாவிரதம் அது. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துத் தானே சாப்பிட உட்கார்ந்தார்.

தோட்டத்து முகப்பில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கூட்டம். கெமா போட்டு, பாய் விரித்து, பதாகை கட்டி எல்லாம் தயார். ஒருவர் பாக்கி இல்லாமல் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் கறுப்பு நாடா கட்டிவிட்டேன். என் நாடாவில் மட்டும் 'உண்ணாவிரதம்' என்று வெள்ளை மையில் எழுதியிருந்தேன், கூட்டத்தில் என்னை அடையாளம் தெரியாமல் போய்விடக்கூடாதே என்ற கவலையில். அக்காவின் கணவர்கூட ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கவில்லை என்று அக்கா பெருமையாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தியாகத்தை வரலாறு மறக்காது என்றேன். சர்க்கரை வியாதிக்காரரைப் பட்டினி போட்டிருக்கிறோமே என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு செய்தித் தளத்திலிருந்து மலாய்ப் பெண் நிருபர் ஒருவர் வந்தார். கையில் கைப்பேசியும் ஒரு குட்டி மைக்கும். நான் பேட்டி கொடுத்தேன். இறுதி மூச்சு என்ற சொல்லைத் தேவைக்கு அதிகமாகப் பயன்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மக்களிடமும் பேசலாமா என்றார். பிறகு பேசலாம் என்று நானே தடுத்துவிட்டேன்.

வெயில் ஏற ஏற என் வயிறு பாட ஆரம்பித்தது. அதுவரை வாழ்நாளில் ஒரு வேளை சாப்பாட்டைத் தவறவிட்டவள் இல்லை நான். மற்றவர்கள் சாதாரணமாகத்தான் இருந்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டுகூட இருந்தார்கள். உழைக்கும் வர்க்கத்தின் உறுதி என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். மதியம் நெருங்கும்போது பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து லயத்துப் பக்கம் போனார்கள். கழிவறைக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பெருங்காயம், கடுகு தாளித்த சாம்பார். நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் இல்லாத வாசனையெல்லாம் மூக்குக்கு வரும் என்று பட்டறையில் எச்சரித்திருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, மனதை ஒருமுகப்படுத்தி, அந்தச் சாம்பாரை வெல்ல முயன்றேன். கண்ணைத் திறந்தபோது பதாகைக்கு நேர் கீழே வாழையிலை போட்டிருந்தது. இரண்டு ஆண்கள் ஒரு பெரிய பானையைச் சுமந்து வந்து இறக்கினார்கள். சரோஜா அக்கா கரண்டியோடு நின்றார்.

"அக்கா, என்னா இது?"

"விரதச் சாப்பாடு தங்கச்சி. சுத்த சைவம். வெங்காயம்கூட போடல."

"யாரும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனே அக்கா."

"நீ எங்க சொன்ன? பசியாறக் கூடாதுன்னுதானே சொன்ன. யாரும் பசியாறல லா. இது சோறு."

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஈப்போவில் எங்கள் வீட்டில் காலையில் ரொட்டி சானாய் தின்றாலும், மதியம் சோறு தின்றாலும், இரவு மீ கோரெங் தின்றாலும் எல்லாமே பசியாறல்தான். அம்மா எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்பார். அந்தத் தோட்டத்திலோ பசியாறுவது என்றால் பால் வெட்டிய களைப்புக்கு நடுவில் குடிக்கிற தேத்தண்ணியும் கடிக்கிற ரொட்டியும் மட்டும். சோறு அந்தக் கணக்கில் வராது. விரதம் என்றால் புரட்டாசிச் சனிக்கிழமை மாதிரி, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மதியம் இலை போட்டுச் சைவமாக ஒரு வேளை. அதைத்தான் நான் என் வாயால் அச்சு அசலாகச் சொல்லியிருந்தேன். சொன்னதைச் சொன்னபடி அவர்கள் செய்திருந்தார்கள். பாயாசம் மட்டும் அவர்களுடைய சொந்த ஏற்பாடு.

எனக்கு வந்தது கோபமா, பசியா, அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை. சரோஜா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, புள்ள மயங்கப் போவுது என்று சொல்லி, ஒரு கையால் என் தாடையைப் பிடித்து மறு கையால் ஒரு கரண்டி பாயாசத்தை வாயில் ஊற்றிவிட்டார். நிருபர் அந்த நேரம் பார்த்துத்தான் படமெடுத்தார். நெற்றியில் 'உண்ணாவிரதம்', வாயில் கரண்டி, மோவாயில் ஒரு சவ்வரிசி. (பாயாசம் நன்றாக இருந்தது. நான் முழுங்கிவிட்டேன் என்பது படத்திலேயே தெரியும்.)

இதோடு நின்றிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. நானும் கல்யாண வீடுகளில் நானே சொல்லிச் சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன்.

நிருபர் மைக்கை நீட்டி, என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. என் ஒளிவட்டம் கழன்று கீழே விழுவது எனக்கே கேட்டது. அதை எப்படியாவது எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் நான் மலாயில் சொன்னேன்: "நான் சரியாத்தான் சொன்னேன். இவங்க படிக்காதவங்க. எவ்வளவு சொன்னாலும் விளங்காது."

மலாயில் சொன்னால் அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேனோ என்னவோ. அந்தக் கெமாவில் என்னைவிட மோசமாக மலாய் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. தேர்வுக்குப் படித்த மலாய் என்னுடையது, அவர்களுடையது கடைத்தெருவிலும் வேலையிடத்திலும் வாழ்ந்த மலாய். அத்தனை பேருக்கும் அத்தனை வார்த்தையும் விளங்கியது.

சரோஜா அக்கா கரண்டியைப் பானைக்குள் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சோற்றோடு இலையை மடித்தார்கள். பானை வந்த வழியே திரும்பிப் போனது. பிறகு எல்லோரும் அதே பாயில் வந்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூட குடிக்காமல் இருந்தார்கள். அதைப் படமெடுக்க யாருமில்லை, நிருபர் தனக்கு வேண்டியது கிடைத்ததும் கிளம்பிவிட்டார். முடிந்ததும் நான் கெமாவைப் பிரிக்கக் கை கொடுக்கப் போனேன்.

"நாங்க பாத்துக்கறோம் மிஸ். நீங்க கெளம்புங்க" என்றார் அக்கா.

காலையில் நான் தங்கச்சி. என்னிடம் பேச்செல்லாம் நீ வா போ தான். சாயந்திரம் மிஸ் ஆகிவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வழியில் வருவதற்குள் வீடியோ எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. முதல் பாதியில் பாயாசம், இரண்டாம் பாதியில் என் திருவாய். கீழே மக்கள் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. பாதிப் பேர் என்னைத் திட்டியிருந்தார்கள். மீதிப் பேர் தோட்டத்துக்காரர்களைச் சோற்றுக்கு அலைகிறவர்கள் என்று எழுதியிருந்தார்கள், அதுதான் என்னைக் குடைந்தது.

அம்மா பாயாசத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நானும் ஆறாம் வகுப்போட நின்னவதான் வாணி. உனக்கு நான் சொல்றது ஏதாச்சும் வெளங்குதா?" என்று மட்டும் கேட்டார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அழும்போதுதான் தலையில் இன்னும் அந்த நாடா இருப்பது தெரிந்தது.

வீடியோ அவ்வளவு பரவியதால் மாவட்ட அலுவலகம் பயந்துபோய் அந்த வாரமே நிறுவனத்தைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. சேவியர் அண்ணே இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வரவில்லை என்றேன். வந்துதான் ஆக வேண்டும் என்றார்.

பாத்திக் சட்டை போட்டிருந்த நிறுவனத்து அதிகாரி மிகவும் பணிவாகப் பேசினார். லயத்துக்காரர்களிடம் கலந்து பேசிய பிறகுதான் வீட்டை உடைக்க வேண்டும் என்று சேவியர் அண்ணே வாதாடி முடித்ததும், அந்த அதிகாரி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். இவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது என்று இவர்களுடைய அமைப்பே சொல்லியிருக்கிறதே, அப்புறம் நாங்கள் யாரிடம் கலந்து பேசுவது என்றார். அக்காவின் கணவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பிடித்து நடக்கிற சுவரை என் வாயால் நானே இடித்துவிட்டேன் என்று எனக்குப் பட்டது.

எழுந்து நின்றேன். எழுந்த பிறகுதான் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது தெரிந்தது. அரசாங்க அதிகாரி, நிறுவனத்துக்காரர், போலீஸ்காரர் என்று ஒரு மேசை நிறைய ஆட்கள் முன்னால் பசியாறுவதற்கும் சாப்பிடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று மலாயில் பாடம் நடத்தினேன். நடுவில் சாம்பார் வந்தது, புரட்டாசி வந்தது, வெங்காயம்கூட வந்தது. கடைசியில், அவர்கள் நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் செய்தார்கள் துவான், அவர்களுடைய தமிழ் எனக்குத்தான் விளங்கவில்லை, பழியை அவர்கள் மேல் போட்டது நான் செய்த அசிங்கம் என்று சொல்லி முடித்தேன். போலீஸ்காரர் தன் தண்ணீர் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

மாவட்ட அதிகாரி என்னை விட்டுவிட்டு அக்காவைக் கேட்டார், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. மொதல்ல கட்டுங்க, பொறவு ஒடைங்க, அவ்வளவுதான் என்றார் அக்கா, என்னைவிட நல்ல மலாயில். தரை வீடு எழும்பும்வரை லயத்தில் கை வைப்பதில்லை என்று அன்று முடிவானது. என் பேச்சினால் ஆனது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சேவியர் அண்ணேயின் வாதமும் அக்காவின் அந்த ஒற்றை வரியும்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். நான் இடித்ததைக் கொஞ்சம் பூசிவிட்டேன், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "மலாய் நல்லாத்தான் பேசுறீங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கணவரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் காரில் ஏற்றித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மன்னிப்பை வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டுமாம். நான் கேட்டேன். "சரி, விடுங்க. ஆனா மறக்க மாட்டேன்" என்றார் அக்கா. அதன் பிறகு அம்மாவும் அக்காவும் வெளிச்சம் போகும்வரை பேசினார்கள். பேசியது முழுக்க என்னைப் பற்றி, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. நாசி லெமாக் விவகாரத்தை அம்மா நடித்தே காட்டினார். அக்காவின் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீடு கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. இடையில் நிறுவனம் பலமுறை நழுவப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் லயத்துக்காரர்களே கூடிப் போய் அலுவலக வாசலில் நின்றார்கள். எங்கள் அமைப்பிடம் கேட்டுக்கொண்டு செய்வதை விட்டுவிட்டார்கள். எல்லா ஏற்பாடும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில்தான். குழுவுக்கு அக்கா வைத்த பெயர் 'படிக்காதவங்க'.

புதுவீட்டுப் பால் காய்ச்சும் நாளில் வந்தவர்கள் அத்தனை பேரிடமும் அக்கா என்னை அறிமுகப்படுத்தினார், "எங்களுக்கு ஒன்னும் வெளங்காதுன்னு சொன்னாங்கல்ல, அந்த மிஸ் இவங்கதான்" என்று, மரியாதை கொஞ்சமும் குறையாமல். நான் கிடைத்த சந்தர்ப்பத்தில், வேலைக்கு உதவியாக இருக்கும், என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்தார்.

"நீங்க டிகிரி வரைக்கும் படிச்சவங்க மிஸ். உங்களச் சேத்தா குரூப்புக்குப் பேரு மாத்தணும்."

இன்று வரை சேர்க்கவில்லை. நானும் வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளி வாழ்த்தோடு விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் அம்மாவை மட்டும் அன்றைக்கே சேர்த்துவிட்டார்கள், ஆறாம் வகுப்பு என்ற தகுதியில். தினமும் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். என்னம்மா அது, எனக்கும் காட்டு என்று நான் கேட்டால் கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொள்கிறார்.

"உனக்கு வெளங்காது" என்கிறார்.